பேச்சி அக்காவுக்கு நான் கட்டிவிட்ட சேலை

பேச்சியம்மாள் அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். போனில் பேசியது அவருடைய தம்பி முருகேசன். "கனியக்கா, அக்கா போயிட்டா" என்றான். "எங்கன போனாவ?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் புத்தி. காலையில் வழக்கம்போல ஓடிவிட்டு வந்து, வாசலில் ஷூவைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சாகிற வயதா அது? நாற்பதைத் தாண்டி கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

எங்கள் கபடிக் கழகம் கொண்டுவரும் நினைவு மலருக்காக, "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க டீச்சர்" என்று கேட்டார்கள். அக்காவைப் பற்றி நல்லதாக நாற்பது பக்கம் எழுதலாம். கூடவே என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதியாக வேண்டும். அதை நினைத்தால்தான் கை கூசுகிறது.

அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் இளவயதில் ஒரு தனியார் கம்பெனி பெண்கள் கபடி அணி ஒன்றைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. ஊர் ஊராகப் போய் ஆடுவோம், சில ஆட்டங்கள் டிவியிலும் வரும். எங்கள் பக்கத்திலிருந்து மூன்று பேர் அதில் இருந்தோம். குத்துக்கல்வலசை பேச்சி அக்கா ரெய்டர், எதிரணிக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவர். கடையநல்லூர் ரஹ்மத் பிடிப்பதில் கெட்டிக்காரி, அவள் கையில் கால் சிக்கினால் அதை மறந்துவிட வேண்டியதுதான். நான் பெஞ்ச்.

அக்கா தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். வெளியே போனால் டவுசர் அல்லது பேண்ட், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. ஆனால் கண்ணுக்கு மை இல்லாமல் களத்தில் கால் வைக்க மாட்டார். மை என்றால் கொஞ்ச நஞ்சமில்லை, அப்பி வைப்பார். உதட்டில் ரத்தச் சிவப்பில் சாயம். பாதி ஆட்டத்தில் வியர்வையில் மை கரைந்து கன்னத்துக்கு இறங்கிவிடும். அந்தக் கோலத்தில் அவர் பாடிக்கொண்டு வருவதைப் பார்த்தால் எதிரணிப் பிள்ளைகளுக்குக் காலே ஓடாது.

இது எங்கள் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் எல்லோரையும் நிற்க வைத்து, "ஏம்மா பேச்சியம்மா, ஒண்ணு ஆம்பள மாதிரி இரு, இல்ல பொம்பள மாதிரி இரு. இது என்ன ரெண்டுங்கெட்டான்?" என்றார்.

"நான் பேச்சி மாதிரி இருக்கேன் சார்" என்றார் அக்கா. கோபமே இல்லாமல், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

கம்பெனிக்கு உடுப்பு விஷயத்தில் ஒரு கணக்கு இருந்தது. களத்தில் இறுக்கமான குட்டை டவுசர், டிவியில் எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். களத்தை விட்டு இறங்கினால் பரிசளிப்புக்கு, விருந்துக்கு, ஹோட்டலில் சாப்பிடப் போவதற்குக்கூட, கம்பெனி நிறத்தில் சேலை, தலை நிறையப் பூ. குடும்பப் பாங்காக இருக்க வேண்டுமாம். நாங்கள் எல்லோரும் சரி சார் என்று கட்டிக்கொண்டோம். அக்கா பூச்சரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத எங்கன சார் சொருவ? காதுலயா?" என்று கேட்டார். அன்றைக்குப் பரிசு வாங்கவும் ஆடின உடுப்போடுதான் மேடை ஏறினார். அடுத்த ஆட்டத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு என்னை இறக்கினார்கள். முதல் ரெய்டிலேயே போய் விழுந்தேன். பெஞ்சிலிருந்து அவர், "ஏட்டி கனி, இடது பக்கம் போகாதட்டி, அங்கன அவ காத்துக் கெடக்கா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். தன் இடத்தில் ஆடுகிறவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

சீசன் நேரத்தில் ஒருமுறை குற்றாலத்தில் ஆடினோம். ஆட்டம் முடிந்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போனபோது அக்கா டவுசர் பனியனோடு வந்தார். வழியில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர், "பொம்பளப் பிள்ள இப்படியா வாரது? ஒழுங்கா உடுத்திட்டு வா" என்றார். அக்கா நின்று, அவரை மேலிருந்து கீழே பார்த்து, "அண்ணாச்சி, மொதல்ல நீங்க ஒரு சட்டையப் போடுங்க. பொறவு நான் யோசிக்கேன்" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு, குட்டை டவுசருக்காகச் சண்டை போட்டவர் என்று அக்காவை யாராவது எடுத்துக்கொண்டால் அது தப்பு. ரஹ்மத்தின் வாப்பா துபாயிலிருந்து லீவில் வந்தவர், டிவியில் மகளைப் பார்த்துவிட்டு, காலை மூடி, தலையில் துணி கட்டி ஆட விட்டால் ஆடட்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டார். ரஹ்மத்துக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது, கேட்கத்தான் பயம். மேனேஜர் முடியாது என்றார், அணி என்றால் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். அவள் அழுதுகொண்டே பெட்டி கட்டினாள்.

அக்கா தென்காசி பஜாருக்குப் போய் ஒரு கட்டு கறுப்பு லெக்கின்ஸ் வாங்கி வந்து எங்கள் நடுவில் போட்டார். "நான் தொடையக் காட்டுதது என் சவுரியம். அவ மூடுதது அவ சவுரியம். இதுல கம்பெனிக்கு என்னட்டி? ஒரே மாதிரிதானே இருக்கணும்? இருப்போம்" என்றார். மறுநாள் அணி முழுக்கக் கணுக்கால் வரை கறுப்பு. ரஹ்மத் தலையில் துணி. அக்காவுக்கு வெக்கையில் தொடையெல்லாம் வேர்க்குரு. எல்லோரையும் உட்கார வைத்தால் ஆட ஆள் ஏது? மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். அன்று நானும் போட்டேன். துணிச்சலால் இல்லை, எல்லோரும் போட்டார்கள் என்பதால் போட்டேன். நான் எப்போதும் அப்படித்தான். ஊர் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் நின்றுகொள்வேன்.

பிறகு அணி கலைந்தது. விளையாட்டுக் கோட்டாவில் அக்காவுக்கு அரசு வேலை கிடைத்தது, எனக்குப் பள்ளியில். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளுக்கு உயரம் தாண்டச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து அவருக்கு ஒரே கேலி. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது நான் கொஞ்சம் முகம் சுளித்திருக்க வேண்டும். உடனே தோளில் கை போட்டு, "சேலை மேல எனக்கு ஒண்ணும் பகை கெடையாதுட்டி. உனக்கு அழகாத்தான் இருக்கு. எனக்கு யாராச்சும் கட்டிவிட வந்தாத்தான் பத்திக்கிட்டு வருது" என்றார்.

இனி, அவர் இறந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உடலைக் குளிப்பாட்டிப் பட்டுச்சேலை உடுத்தினார்கள். அது முறை, அந்தத் துக்கத்தில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது பேனரைப் பற்றி. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறியாக வேண்டும். முருகேசன் என்னிடம், "அக்கா, எங்ககிட்ட இருக்க படமெல்லாம் டவுசர்லல்லா இருக்கு. நீங்களே பாத்து ஒண்ணு குடுங்க" என்றான். நல்ல பையன், அழுது அழுது குரலே இல்லை. நான் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

என் போனில் ஒரு படம் இருந்தது. ஜெயித்த ஆட்டம் முடிந்து எடுத்தது. முடி குத்திட்டு நிற்க, மை கன்னத்தில் வழிய, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார். ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சாவு பேனருக்கு இது சரிப்படாது டீச்சர். மொகத்த மட்டும் வெட்டி சேலைல வச்சிருவோம். முடியும் நம்மகிட்டயே இருக்கு" என்றார். புதுமையான பேச்சு இல்லை. ஆயுசுக்கும் சட்டை போடாத பெரியவர்கள் எங்கள் ஊர் பேனர்களில் கோட்டு சூட்டு டையோடு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். திரையில் தலை இல்லாத சேலைகள் வரிசையாக வந்தன. "பச்சையா, மெரூனா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேனரின் கீழே, துக்கத்தில் பங்கேற்போர் வரிசையில், என் பெயரும் வரப்போகிறது. எங்கள் தலைமை ஆசிரியை வருவார், பெற்றோர் பார்ப்பார்கள். டவுசர் போட்ட படத்துக்குக் கீழே என் பெயரா என்று ஒரு நினைப்பு ஓடியது. "மெரூன் போடுங்க" என்றேன். "கண்ணுல மை வழிஞ்சிருக்கே, தொடச்சிரவா?" என்றார். "தொடச்சிருங்க" என்றேன். உதட்டுச் சிவப்பையும் எடுத்தார். அக்காவின் கறுத்த நிறத்தைக் கேட்காமலேயே வெளுப்பாக்கினார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேனர் ஏறிய கொஞ்ச நேரத்தில் ரஹ்மத் போனில் கூப்பிட்டாள். "கனி, குத்துக்கல்வலசைல தெருமுனைலதான் நிக்கேன். இங்கன வேற யாரோ ஒரு அம்மாவுக்குத்தான் பேனர் இருக்கு. அக்கா வீடு எந்தப் பக்கம்?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் பேனருக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். நான் மேலே கையைக் காட்டினேன். அவள் பெயரைப் படித்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் பெயரைப் படித்தாள். ஒரு கட்டு லெக்கின்ஸை வாங்கிவந்து தன்னை ஆட வைத்த முகத்தை அவளால் அங்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாரு பாத்த வேலை இது?"

"ஸ்டுடியோக்காரர்" என்றேன்.

ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு என்ன தெரியும், பாவம். அக்காவத் தெரிஞ்சவ ஒருத்தியாவது கூடப் போயிருக்கணும்."

நான் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

கொஞ்ச நாள் கழித்துத் துக்கம் கேட்க மறுபடி போனபோது, வீட்டுக்குள் அந்தப் பேனர் படத்தைச் சட்டம் போட்டு மாலை போட்டிருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய படங்கள் ஒன்றையும் காணவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களாம். அக்காவின் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீதான் இந்தப் படத்தப் போட்டியாமே தாயி. ஒரு நல்ல நாள் பெரிய நாளுக்காச்சும் சேலை கட்டுட்டின்னு எத்தன வருசமா கெஞ்சினேன். கட்டமாட்டேன்னுட்டா. நீ கட்டி வச்சிட்ட. நல்லா இருப்பே" என்றார்.

அந்த ஆசீர்வாதம் என்னைச் சுட்டது. ஆனால் மகளைப் பறிகொடுத்த தாயிடம் போய், அது உங்கள் மகள் இல்லை என்று எப்படிச் சொல்ல? அவருக்கு ஆறுதலாக இருக்கிற ஒன்றைப் பறிக்க எனக்கு என்ன உரிமை? காப்பி குடித்தேன். படத்தின் முன்னால் நின்று கும்பிட்டேன். யாரென்றே தெரியாத ஒரு வெளுத்த பெண்மணி மெரூன் சேலையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலர்க் குழுவினர் அந்தப் பேனர் படம் தங்களிடமும் இருப்பதாகச் சொன்னார்கள். நான் என் போனில் இருந்த படத்தைக் கொடுத்திருக்கிறேன். அதை அப்படியே, மை வழிந்தபடி, நிறம் மாற்றாமல் போடுவதானால் இந்தக் கட்டுரையையும் போடலாம். இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைப் பெரிய வீரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. செத்தவருக்குச் செய்த கெடுதலில் ஓரத்தைக் கொஞ்சம் துடைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

மலர் வந்தால் ரஹ்மத் படிப்பாள். ரஹ்மத், ஸ்டுடியோக்காரர் மேல் தப்பில்லை. அக்காவைத் தெரிந்த ஒருத்தி கூடப் போயிருந்தாள். அது நான்தான்.

பேச்சி அக்கா, போய் வாருங்கள். உங்கள் வீட்டிலேயே உங்கள் முகம் இல்லாமல் செய்துவிட்டு, எந்த முகத்தோடு வழியனுப்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.