ஆபிரகாமின் சாம்பிள் கிடைக்குமா?

போன வாரம் பக்கத்துத் தோப்புக்காரர் ஜோஸுக்கு ஒரு ரிசல்ட் வந்தது. சின்னக் குழாயில் துப்பி அனுப்புவார்களே, அந்த டிஎன்ஏ டெஸ்ட். பார்த்த மனுஷன் காப்பியைக்கூடத் தொடவில்லை.

விஷயம் இதுதான். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் அப்பா காலத்துப் பழக்கம். அவர் மகன் பினுவும் என் அண்ணன் மகள் செல்வியும் ஒரே கல்லூரியில் பாடம் எடுக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். ஜோஸ்தான் குறுக்கே நின்றார். அவர்கள் பைபிளில் வரும் ஆபிரகாமின் வழி வந்தவர்கள் என்று அவர் அப்பா சொல்லிவைத்தாராம்... வெளியே பெண் எடுக்கும் வழக்கமே கிடையாதாம். அதை நிரூபிக்கத்தான் இந்த டெஸ்ட்.

ரிசல்ட் என்ன சொன்னது? பெரும்பகுதி தென்னிந்தியா. அதாவது — நாம்தான்!

நான் மனசுக்குள் விசிலடித்தேன். ஆனால் விலங்கியல் படித்த செல்வி, கையில் கிடைத்த துருப்புச்சீட்டை இறக்கவே இல்லை. இன்றைக்கு இருக்கிற மக்களில் நாம் யாரோடு ஒத்துப்போகிறோம் என்பதை மட்டும்தான் டெஸ்ட் சொல்லும் என்று பொறுமையாக விளக்கினாள்.

"ஒத்துப் பார்க்க ஆபிரகாமோட சாம்பிள் நம்மகிட்ட இல்லைங்க மாமா. உங்க அப்பச்சன் சொன்னதைப் பொய்னு இது சொல்லலைங்க."

ஜோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் அப்பாவை விட்டுக்கொடுக்காத பெண்ணை எப்படி வேண்டாம் என்பது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு பெண் கேட்டு வந்துவிட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்போது அண்ணன் முறை. எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் எல்லாம் பங்காளிகள் — அண்ணன் தம்பி உறவு. அங்கே பெண் கொடுப்பதை நினைத்தே பார்க்க முடியாது. மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அண்ணன், ரிசல்ட்டைத் திருப்பித் திருப்பிப் படித்து முகம் வாடிப்போனார்.

"ஏனுங்க ஜோஸ், நம்ம ரத்தம்னு போட்டிருக்குதுங்களே... அப்ப நீங்க பங்காளி ஆயிட்டீங்க. பொண்ணு எப்படிங்க குடுக்கறது?"

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ விளக்க வாயெடுத்தாள். ஜோஸ் கையமர்த்தினார்.

"அந்த மெஷினுக்கு என்னங்க தெரியும். நாங்க ஆபிரகாம் கூட்டம். தாராளமாக் குடுங்க."

அண்ணன் விரல்விட்டு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு தாம்பூலத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

விசாரித்ததில்... ஆபிரகாம் கூட்டம் எங்களுக்கு மாமன் மச்சான் முறைதானாம்!