முப்பத்தொன்றாம் எண் அட்டை

எங்கள் வீட்டுக்காரர் ஒரு பிறப்பு இறப்புப் பதிவாளர். மனிதர்களுக்கு இல்லை, போர் விமானங்களுக்கு. முதல் உலகப் போர் முடிந்த பிறகு, இரண்டாவது தொடங்குவதற்கு முன், அந்த இருபது வருடத்தில் கட்டிய விமானமாக இருந்தால் போதும். என்று பிறந்தது, எந்தப் படையில் இருந்தது, யார் ஓட்டினார்கள், எப்படி முடிந்தது என்று ஓர் அட்டை எழுதி செருப்புப் பெட்டியில் போட்டுவிடுவார். மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு அட்டைகள் என்பது இவர் கணக்கு. தூசி தட்டுகிற எனக்கு அது இரண்டு லட்சம்.

பதினெட்டு வயதில் விமானப்படைப் பட்டறையில் ஆணி அடிக்கச் சேர்ந்து, ஆவண அறை குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். இவருக்கு ஒரு விதி உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காகிதங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் 'முடிவு' என்ற கட்டத்தில் மையால் எழுதுவார். அதுவரை பென்சில்தான். பால் பொங்கிவிட்டது என்று நான் அடுக்களையிலிருந்து கத்தினால்கூட இன்னொரு சாட்சி கேட்கிற ஆள்.

முப்பத்தொன்றாம் எண் அட்டையில் மட்டும் 'காணவில்லை' என்ற பென்சில் எழுத்து நாற்பத்திரண்டு வருடமாக அப்படியே இருந்தது. அது துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். ஒரு நாள் காலையில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பியது, திரும்பவில்லை. ஓட்டிப் போனவர் இவருடைய அக்காவின் கணவர். ஒரு மரத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்த அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு அப்போது கல்யாணமாகிப் பதினோரு மாதம். அன்றிலிருந்து தம்பியோடுதான் இருந்தார். நான் கல்யாணமாகி வந்தபோது பின்னறை அவருடையதாக இருந்தது.

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் இவர் எழுதுவதை நிறுத்துவார். பின்னறையில் அண்ணியும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பார். சத்தம் தேய்ந்து அடங்கும்வரை இருவரும் அசைய மாட்டார்கள். நடுவில் நான் கரண்டியும் கையுமாகப் பேந்தப் பேந்த விழிப்பேன். வருடத்துக்கு ஒருமுறை அண்ணி வந்து முப்பத்தொன்று முடிந்ததா என்று கேட்பார். இன்னும் ஒரு காகிதம் கிடைக்கவில்லை என்று இவர் தலை நிமிராமல் சொல்வார். அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று நான் உருகுவேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இவருக்குக் கண் ஆபரேஷன் நடந்து கட்டுப் போட்டிருந்த வாரம், வந்த கடிதங்களை நான்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அண்ணி எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இவரைப் போலவே விமானப் பட்டியல் போடும் வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் எழுதியிருந்தார்: உங்கள் முப்பத்தொன்று காணாமல் போகவில்லை. நான்கு வருடம் கழித்து இன்னொரு தளத்தில் கழித்துக் கட்டியிருக்கிறார்கள். விமானத்தின் எலும்புச் சட்டத்தில் கொத்தியிருந்த எண்ணைப் பார்த்து எடுத்த பட்டியல் இது, நகல் வைத்திருக்கிறேன்.

என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். வாசித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். அண்ணி கத்தியைக் கீழே வைத்திருந்தார்.

"அப்ப அது எங்கேயோ பத்திரமா இறங்கியிருக்கு" என்றார்.

இவர் கட்டுப் போட்ட முகத்தோடு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பத்து நாளில் அண்ணி வேறு மனுஷியாகிவிட்டார். விமானப்படை அலுவலகம், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை என்று கடிதமாக எழுதித் தள்ளினார். பகலில் வாசல் கதவைத் தாழ் போட விடவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்தார். அறுபத்தாறு வயதுக்காரி கண்ணாடி முன் நின்றதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு நாள், "அவருக்கு இப்ப எழுபதாகுது. மாடிப்படி ஏற முடியுமோ என்னவோ" என்று கவலைப்பட்டார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் இவர் அந்தக் கடிதத்தைக் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் காத்திருந்த காகிதம் வந்திருக்கிறது, மனிதர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி தபாலாபீஸ் போன ஒரு மதியம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டேன். அப்போதுதான் இவர் சொன்னார்.

அன்று காலை முப்பத்தொன்று சக்கரம் உடைந்து படுத்திருந்ததாம். பறக்கலாம் என்ற சான்றிதழ் அதற்கு மட்டும்தான் இருந்தது. நாற்பத்தேழு முழுசாக நின்றது. ஆனால் மேல் இறக்கையின் கட்டையில் விரிசல் இருந்ததால் பரிசோதகர் அதைத் தள்ளிவிட்டார். தபால் போயே ஆக வேண்டும். இரண்டின் எண் தகட்டையும் மாற்றி அடி என்று மேஸ்திரி சொன்னார். பட்டறையில் அதற்குச் சட்டை மாற்றுவது என்று பெயர், அடிக்கடி நடப்பதுதான். மாற்றி அடித்தது பத்தொன்பது வயதில் இவர். முப்பத்தொன்று என்ற தகட்டோடு நின்ற நாற்பத்தேழில் ஏறும்போது "எல்லாம் சரிதானே மச்சான்?" என்று விமானி கேட்டிருக்கிறார். "சரிதான் அத்தான்" என்று சொல்லியிருக்கிறார் இவர்.

"அந்த ரெண்டாவது சாட்சி நான்தான்" என்றார். "கிடைக்கலைன்னு சொல்லிட்டே இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனை பெட்டிகளையும் தெருவில் கொட்டியிருப்பேன். இப்போதே அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். அவள் சந்தோஷமாக இருக்கிறாளே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இழுத்தார்.

"இதுவும் தகடு மாத்துற வேலைதான்" என்றேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அண்ணி திரும்பி வந்ததும் இவர் நின்றபடியே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணி அழவில்லை, குரலும் உயரவில்லை.

"விரிசல் இருந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"நீ சொல்லியிருந்தா ஏறியிருப்பாரா?"

"மாட்டார்" என்றார் இவர்.

அண்ணியே போய்ப் பெட்டியிலிருந்து நாற்பத்தேழாம் எண் அட்டையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மையால் எழுதச் சொன்னார். ஓட்டினவர் பெயர், புறப்பட்ட தேதி, விழுந்து நொறுங்கியது. அதற்குக் கீழே, தகடு மாற்றியவர் பெயர். இவர் தன் பெயரை எழுதினார். அண்ணி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அட்டையைப் பெட்டியில் செருகினார்.

அதன் பிறகு ஒன்பது வருடம் எங்களோடுதான் இருந்தார். இவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தார், சட்டைக்குப் பொத்தான் தைத்தார். ஆனால் ஒரு தடவைகூட இவரைக் கூப்பிடவில்லை. சாப்பாடு ஆகிவிட்டது என்று சொல்லு, குடையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லு என்று எல்லாம் என் வழியாகத்தான். இவர் தட்டின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பார்ப்பார். அண்ணியின் கடைசி நாளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டார், ஒரே ஒரு தடவை தம்பி என்று சொல்லக்கா என்று. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணி போய் இரண்டு வருடமாகிறது. இப்போதும் மதியங்களில் எழுதிக்கொண்டே இருப்பவர் சட்டென்று பேனாவை நிறுத்தி, "என்னக்கா?" என்கிறார். பின்னறைக் கதவைப் பார்த்தபடி காத்திருக்கிறார். முதலில் எல்லாம், யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நான் சொல்வதில்லை.