சால்வையில் ஓடாத கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளில் மாங்காட்டு நண்பர் ஏழுமலை தன் வீட்டு கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைத்து வைத்திருந்தார். எங்களைப் போன்ற செஸ் பைத்தியங்கள் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு போன் போட்டு இலவசமாக ஆடுவோம். அவருடைய யு.பி.எஸ். பேட்டரி செத்ததும், கரண்ட் போகும்போதெல்லாம் ஆட்டங்கள் பாதியில் அழிந்தன. புது பேட்டரி வாங்கித் தரலாம் என்று வசூல் செய்தோம்.

அதற்காகப் போட்ட கமிட்டி கூடியதுதான் தாமதம், "சும்மா கையில குடுத்தா மரியாதையா?" என்று குமணன்சாவடியில் மண்டபம், மைக், சால்வை என இறங்கிவிட்டார்கள். நானும் தலையாட்டித் தொலைத்தேன். பேட்டரிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மேடையில் ஏழுமலைக்குச் சால்வை போர்த்தியபோது அவர் என் காதில், "இத்த சொருவினா கம்ப்யூட்டர் ஓடுமா மாமே?" என்றார்.

மறுநாளே கரண்ட் போனது. நான் ஜெயிக்க இருந்த ஆட்டமும் போனது.

இப்போதெல்லாம் யாருக்கு நன்றி சொல்வதென்றாலும் நேராக அவர் வீட்டுக்கே போய், "இங்க இன்னா ரிப்பேராகி கீது?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.