பெரிய டாக்டருக்குக் கிடைத்த மேற்கோள்கள்

பெரிய டாக்டர் என்னிடம் முதன்முதலில் கொடுத்த பொருள் ஒரு பூதக்கண்ணாடி. அவருடைய கண் ஆராய்ச்சிப் பிரிவில் நான் கிளார்க்காகச் சேர்ந்த வாரம் அது. "சனிக்கிழமை லைப்ரரிக்குப் போம்மா. என் பேப்பரை யார் யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பாத்து எழுதிட்டு வா" என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம். யாருடைய கட்டுரையை யார் எடுத்துக்காட்டினார்கள் என்பதை அச்சடித்துத் தடித்தடிப் புத்தகங்களாக அனுப்புவார்கள். அத்தனையும் எறும்பு எழுத்து. எங்கள் வீடு இருந்த மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், அவர் பெயருக்குக் கீழே இருக்கும் வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். திங்கட்கிழமை நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் பார்ப்பார். அவரை அவரே மேற்கோள் காட்டிக்கொண்டதை ஒருமுறை விட்டுவிட்டேன். "நான் சொன்னா அது கணக்கில்லையா?" என்று கத்தினாரே பார்க்கணும்!

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன். அந்த மனிதருக்குக் கண்களைப் பற்றி எல்லாம் தெரியும், கண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது மட்டும் தெரியாது.

அவர் ஆராய்ந்தது கிளாக்கோமா. வலிக்காது, சிவக்காது. பக்கப் பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். மருந்தே விடாவிட்டால் நம் ஜனங்களுக்கு எத்தனை வேகமாகப் பார்வை போகும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில், அலுக்காமல் வந்து நிற்கும் ஆட்கள் வேண்டும். ஸ்ரீராம்புரத்திலும் ஜீவனஹள்ளியிலும் எங்கள் மர்பி டவுனிலும் வீடு வீடாகப் போய் அவர்களை அழைத்து வந்தவள் நான்தான்.

பரிசோதனைக்கு ஒரு மெஷின் இருந்தது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும் அதற்குள் முகத்தை வைக்க வேண்டும். அங்கங்கே புள்ளி வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் அதையே வைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். "மெஷின் வெச்சுக்கினு போனா கண்ணு குளுகுளுன்னு கீதும்மா" என்பார் ஜீவனஹள்ளிக்காரர் ஒருவர். அது வெறும் சோதனைதான் என்று நான் அவருக்கு விளக்க ஆரம்பித்ததைப் பெரிய டாக்டர் கேட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். "அவங்க நம்பிக்கையை ஏம்மா கெடுக்கறே? ஒழுங்கா வர்றாங்க இல்ல?" என்றார். அப்போது புரியவில்லை எனக்கு, மரமண்டை! வேறு எந்த ஊர் ஆராய்ச்சியிலும் ஆட்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். இவருடையதில் கிட்டத்தட்ட யாருமே நிற்கவில்லை. அந்தக் கட்டுரையை உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடியது அதனால்தான்.

அந்த ஆட்களில் என் அப்பாவும் ஒருவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். நோய் இருப்பது தெரிந்ததும், பெரிய டாக்டர் பார்வையில் இருந்தால் நல்லதுதானே, முற்றினால் மருந்து கொடுத்துவிடுவார் என்று நானே பெயரைச் சேர்த்தேன். மெஷின் வைக்கிற நாளில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். மெஷின் அச்சடித்துத் தரும் அவருடைய சீட்டு என் கைக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும், பார்வை போன இடத்தைக் காட்டும் ஓரத்துக் கருப்புத் திட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், அப்பாவுக்கு மருந்து ஆரம்பிச்சுடலாமா?" என்று கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. "இப்ப மருந்து ஊத்தினா இத்தனை வருஷ டேட்டா வீண். இன்னும் ரெண்டு விசிட்தான், பொறும்மா." என் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சீட்டை ஃபைலில் செருகிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த இரண்டு விசிட்டும் முடிவதற்குள், பட்டப்பகலில், வலது பக்கம் வந்த ஆட்டோ தெரியாமல் அப்பா அடிபட்டார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "இத்தனை நாள் ஒரு சொட்டுகூட விடலையா?" என்று அங்கிருந்த கண் டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். விட ஆரம்பித்தோம், பிரயோஜனமில்லை. பெரிய டாக்டர் அப்பாவின் பெயருக்கு நேரே 'விலகியவர்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மறுநாள் வேலையை விட்டேன்.

இப்போது அவருடைய நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். மேற்கோள்களை இன்று கம்ப்யூட்டரே ஒரு நொடியில் எண்ணிவிடுகிறதாம், ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாம். தாண்டட்டும். இந்தப் பக்கத்தை அவர்கள் போட மாட்டார்கள், தெரியும்.

அப்பா அதற்கப்புறம் ஒன்பது வருடம் இருந்தார். பார்வை முழுக்கப் போன பிறகும் பெரிய டாக்டரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவரு தங்கமான மனுசன்மா. எனக்குத்தான் கடைசில கை நடுங்கிப்போச்சு. லைட்டு வந்தப்ப சரியா அழுத்தல. அதான் கண்ணு போய்ட்ச்சு, இல்ல?" என்று கேட்பார். இல்லைப்பா என்றால் ஏன் என்று கேட்பார். சீட்டில் கருப்பு வளர்ந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவேண்டி வரும்.

"ஆமாப்பா" என்றேன், கேட்ட ஒவ்வொரு முறையும்.