விழுப்புரம் போகாத கால்

எங்கள் வீட்டில் ஒரு கோடைக்காலம் முழுக்க விழுப்புரம் என்ற பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்றிருந்தது. அந்த ஊர் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கால் எடுப்பார்கள் என்பது மட்டுமே அதன் குற்றம்.

எடுக்கப்படவிருந்தது என் பெரியப்பாவின் கால். ஒலக்கூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மண்டிக்குப் போன வண்டி வழியில் குடை சாய்ந்தது. மூட்டைகளின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த எனக்கு முன்கை எலும்பு முறிந்தது. பெரியப்பாவின் கணுக்கால் சக்கரத்தில் நசுங்கியது. திண்டிவனத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இருவரையும் சேர்த்தார்கள். என் கை மாவுக்கட்டுக்குள் சமர்த்தாக இருந்தது. அவர் புண் சீழ் பிடித்தது. சீழ் எலும்பைத் தொட்டுவிட்டால் விழுப்புரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

துணைக்கு வந்த பெரியம்மாவால் இரண்டு வார்டுகளில் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்பதால், ஆண்கள் வார்டிலேயே பெரியப்பாவுக்கு அடுத்த கட்டிலில் என்னைப் போட்டார்கள். விதிப்படி அது தவறு. பிற்காலத்தில் நான் பொறுப்பிலிருந்த வார்டுகளில் அப்படியொரு காட்சியைக் கண்டிருந்தால் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருப்பேன்.

கட்டுப் பிரித்துக் கட்டுவதற்கு ஒரு நர்சம்மா வருவார். மாநிறம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, சிரிக்காத முகம். பெரியப்பா எந்தப் புது ஆளிடமும் கேட்கும் முதல் கேள்வியை அவரிடமும் கேட்டார்.

“எந்த ஊரு நீ?”

“தூரம் பெரியவரே. சொன்னா உங்களுக்குத் தெரியாது.”

“சொல்லேன், தெரியுதா பாக்கறேன்.”

“தெக்க.”

“தெக்கன்னா?”

“ரொம்பத் தெக்க. காலை நீட்டுங்க.”

ஊரைக் கேட்பது ஊரைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல. ஊர், தெரு, அப்பன் பெயர் என்று மூன்றாவது கேள்விக்குள் சாதி வந்துவிடும். நர்சம்மா முதல் கேள்வியிலேயே கதவைச் சாத்திவிட்டார். விடை கிடைக்காத பெரியப்பா முன்னெச்சரிக்கையாக அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று தீர்மானித்தார். சொம்பைப் பெரியம்மாதான் நீட்ட வேண்டும். கால் விஷயத்தில் அப்படிச் செய்ய முடியவில்லை. பெரியம்மாவுக்குக் கட்டுப் போடத் தெரியாது.

புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, அதுவாக விடும்போது எடுக்க வேண்டும். ஊறும் நேரத்தை நர்சம்மா சண்டையால் நிரப்பினார்.

“கையா இது, பாறாங்கல்லா?” என்பார் பெரியப்பா.

“பாறாங்கல்லுதான். மெத்துனு கை வேணும்னா விழுப்புரம் போங்க. அங்க ரம்பத்தோட காத்துக்கினு இருக்காங்க.”

வீட்டார் யாரும் சொல்லத் துணியாத ஊரின் பெயரை பெரியப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னவர் நர்சம்மா ஒருவர்தான். பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வைவார். வைது முடிப்பதற்குள் துணி கையோடு வந்திருக்கும். ஒருமுறை நர்சம்மா விடுப்பில் போக, கம்பவுண்டர் வந்து துணியை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தார். ரத்தம் படுக்கையை நனைத்தது. அன்று மாலை பெரியப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது. “அந்தப் பொம்பள எப்ப வரும்?” என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டார்.

பின்னாளில் நான் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுத்தேன். நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள உறவே ஒரு சிகிச்சை என்றொரு கோட்பாடு உண்டு. முன்பின் அறியாதவர்களாக இருவரும் சந்திக்கிறார்கள், நோயாளி நம்பத் தொடங்குகிறார், அந்த நம்பிக்கையைக் கொண்டு குணமாகிறார், கடைசியில் உறவு முறைப்படி முடித்துவைக்கப்படுகிறது. கரும்பலகையில் அழகாக எழுதிப் போடலாம். மாணவிகளும் அழகாக மனப்பாடம் செய்வார்கள். நான் மட்டும் ‘முன்பின் அறியாதவர்களாக’ என்ற முதல் வரியை வேகமாகக் கடந்துவிடுவேன்.

நர்சம்மா திரும்பி வந்த அன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் நினைப்பு நிலத்துக்குப் போய்விட்டது.

“மழை புடிச்சா பிடுங்காத மல்லாட்டையெல்லாம் மண்ணுலயே மொளச்சிப்பூடும். நான் இங்க குந்திக்கினு கீறேன்” என்று புலம்பினார்.

நர்சம்மா காலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “கோடிமேட்டுல தண்ணி நிக்காது பெரியவரே. மணல் பாங்கு. பயப்படாதீங்க” என்றார்.

கோடிமேடு எங்கள் நிலத்தின் பெயர். எங்கள் ஊருக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது. பெரியப்பாவும் அவரிடம் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

இடுக்கி புண்ணின் மேல் அப்படியே நின்றது. பெரியம்மா நர்சம்மாவின் முகத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். பெரியப்பா அந்த முகத்தை அடையாளம் காணாததில் வியப்பில்லை. சேரியிலிருந்து வேலைக்கு வருபவர்களை அவர் முதுகை வைத்துத்தான் அறிவார். நிமிர்ந்து நின்றால் தெரியாது. ஆனால் பெரியம்மா களத்தில் கூலி அளந்து போடுபவர். முகங்கள் தெரியும்.

“ஏங்க, இது நம்ம கெணத்துல தண்ணி எறைக்கிறானே, அவன் மொவ மாதிரி இல்ல? மிசன் பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போனாங்களே…”

நர்சம்மா காலை விடவில்லை. எழுந்து போகச் சொன்னால் போயிருப்பார். அவருக்குப் பின்னால் கம்பவுண்டர் இருந்தார், கம்பவுண்டருக்குப் பின்னால் விழுப்புரம் இருந்தது. பெரியப்பா இரண்டையும் பார்த்துவிட்டு, பெரியம்மாவின் பக்கம் திரும்பினார்.

“மேட்டு நெலம்னா எந்த ஊருலயும் மணல்தாண்டி. அது தெக்கத்திப் பொண்ணு. அதான் சொல்லிச்சி இல்ல?”

“இல்லீங்க, ஜாடை கூட…”

“காலு என்னுதா, உன்னுதா? வாயை மூடிக்கினு இரு.”

பிறகு நர்சம்மாவிடம், “ஜல்தியா முடி” என்றார். வைய மறந்துவிட்டார். நர்சம்மாவும் அன்று பதில் சண்டை போடவில்லை. துணி ஊறும் வரை மூவரும் ஜன்னலில், அதற்குள் இறங்கிவிட்ட மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிலம் எப்படித் தெரியும் என்று நான் கேட்க வாயெடுத்தபோது பெரியம்மா என் தொடையில் கிள்ளினார். நர்சு என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் போலும் என்று முடிவு செய்துகொண்டு நானும் மழையைப் பார்த்தேன்.

புண் ஆறியது. கால் மிஞ்சியது, கொஞ்சம் இழுத்து நடக்கும்படியாக. தண்ணீர்ச் சொம்பு மட்டும் கடைசி நாள் வரை பெரியம்மாவின் கையிலிருந்துதான் வந்தது.

சில மாதம் கழித்து ஏரிக்கரைப் பாதையில் பெரியப்பாவோடு போய்க்கொண்டிருந்தேன். எதிரே தலையில் தகரப்பெட்டியோடு எங்கள் தண்ணீர் இறைக்கும் ஆள், பின்னால் நர்சம்மா. பெரியப்பாவைக் கண்டதும் அந்த ஆள் சரிவில் இறங்கி நின்றார். நர்சம்மா ஒரு கணம் பாதையிலேயே நின்றார். அவருடைய அப்பா திரும்பிப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் இறங்கினார். சேறாகிவிடும் என்று கழற்றுகிறார் என எண்ணினேன். பாதை காய்ந்துதான் கிடந்தது.

நான் சந்தோஷத்தில் “நர்சம்மா!” என்று கத்தினேன். பெரியப்பா ஏரியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: “காலு நல்லாருக்குதுன்னு சொல்லு.”

சொன்னேன். நர்சம்மா தரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: “ஆண்டைய குதிகாலை நல்லா ஊனி நடக்கச் சொல்லு பாப்பா. நுனிக்கால்ல நடந்தா நரம்பு இழுத்துக்கும்.”

அதையும் சொன்னேன். பெரியப்பா குதிகாலை ஊன்றி நடந்தார். இத்தனைக்கும் அவர்களுக்கு இடையே கை நீட்டினால் தொடும் தூரம்தான். ஆஸ்பத்திரியில் அவ்வளவு கூர்மையாக இருந்த இருவருக்கும் ஒரே சமயத்தில் எப்படிக் காது மந்தமாகிப் போனது என்று, வீடு வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.