கிழக்கு ஒழுங்கையை நான் வரையவில்லை

பேய், சாபம் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கோயிலுக்கே மனைவி இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

எங்கள் ஊருக்கு அரசாங்கப் பட்டியலில் பெயரே கிடையாது. குளத்துக்கும் வயலுக்கும் நடுவே இருபத்தெட்டு வீடுகள், கடிதம்கூடப் பக்கத்து ஊர்ப் பெயரில்தான் வரும். சண்டையில் அத்தனையும் தரைமட்டம். அதனால்தான், இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, லண்டனில் இருந்த ஊர்க்காரர் சேர்ந்து ஊரின் வரலாற்றையும் வரைபடத்தையும் புத்தகமாகப் போட்டோம். பஸ் ஓட்டுகிறவனுக்குப் பாதை தண்ணீர் பட்ட பாடு என்று படம் வரைகிற வேலையை என் தலையில் கட்டினார்கள்.

கிழக்கு ஒழுங்கை என்ற சின்னத் தெருவின் ஐந்து வீடுகளை நான் வரையவில்லை. மறதியில்லை, வேண்டுமென்றேதான். என் அப்பாவின் பாடை அந்த வழியால் போகக் கூடாதென்று வேலி அடைத்த ஆட்கள். கொட்டுகிற மழையில் வயலுக்குள்ளால் சுமந்து போனோம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, ஒன்றும் செய்ய ஏலவில்லை. இப்போது பென்சில் என் கையில். இருந்த இடம் தெரியாமல் போகட்டும் என்று குளக்கரையோடு கோட்டை முடித்தேன். அன்றைக்கு நல்ல நித்திரையும் வந்தது.

புத்தகம் வெளிவந்த சனிக்கிழமை, பட்டப்பகலில், கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள் ரஞ்சினி. வேலி அடைத்தவரின் மகள், நோர்பரியில் இருக்கிறவள்.

“அண்ணை, எங்கட ஒழுங்கை எங்கை?”

“தாளில இடம் காணாமப் போச்சு பிள்ளை.”

“உங்கட வீட்டுக்கு இடம் இருந்ததோ?”

“ஓம், ஏன் இல்லாம?” என்றேன் கொழுப்போடு.

“வடிவாப் பாருங்கோ.” புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

பார்த்தால், எங்கள் வீடு இருந்த இடம் வெறும் வெள்ளை. அச்சகக்காரனைத் திட்டிக்கொண்டே நான் வரைந்த தாளை எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், அதிலும் இல்லை, அழித்த அடையாளமும் இல்லை. திரும்ப வரைவோம் என்று பென்சிலை எடுத்தால், சந்தி வரைக்கும் வந்த கை நின்றுவிட்டது. இடமா, வலமா? முற்றத்தில் என்ன மரம்? நான் பிறந்து வளர்ந்த வீடு ஐயா அது!

கனடாவில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் அடித்தேன். அவளுக்குப் புத்தகம் இன்னும் போய்ச் சேரவில்லை.

“சந்தியில இருந்து எங்கட வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புறது?”

அழத் தொடங்கிவிட்டாள். “எனக்கும் ஒரு மாசமா அது ஞாபகம் வருகுதில்லை அண்ணை. பயத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

படத்தை நான் வரைந்து முடித்தும் அப்போது ஒரு மாதம்தான்.

ஊர்க்காரரைக் கேட்டேன், ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு, ஐந்து வீடுகளையும் வரைந்து எடுத்துக்கொண்டு ரஞ்சினியிடம் போனேன். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“எங்கட வீடு எங்கையெண்டு உமக்காவது தெரியுமோ பிள்ளை?”

“தெரியும் அண்ணை. முற்றத்தில நிண்ட மரமும் தெரியும்.” படத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “சொல்லமாட்டன்.”

இன்றைக்கும் கடைத்தெருவில் கண்டால் நலம் விசாரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். வேறு யாரிடம் போய்க் கேட்பது?