பெய்யாத நாலு மில்லிமீட்டர்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் மில்லிமீட்டர் என்று பெயர். வானிலை அலுவலகத்துக்கு மழை அளந்து சொல்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் காலை எட்டரைக்குக் கொல்லையில் கம்பி வேலிக்குள் நிற்கும் மழைமானியைத் திறக்கிறார். திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிச் சாமியிடம் மழை கேட்பார். பிறகு அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து எழுதுவார். காபித் தம்ளரையும் அப்படித்தான் பிடிப்பார். குறைத்து ஊற்றினால் மாட்டிக்கொள்வேன்.

ஐந்து மாதமாகச் சொட்டு மழை இல்லை. தினமும் கேட்டார், தினமும் பூஜ்யம் எழுதினார். எனக்குச் சாமி விஷயத்தில் நம்பிக்கை அரைகுறைதான். "கேட்டுக் கேட்டு உங்களுக்கே சலிக்கலையா?" என்று சீண்டுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போன செவ்வாய்க்கிழமை கொல்லையிலிருந்து ஓடி வந்தார். வாயெல்லாம் பல்.

"நாலு மில்லிமீட்டர். நாம தூங்கும்போது பெஞ்சிருக்கு. சாமி கண்ணத் தொறந்துட்டாரு."

கையோடு அலுவலகத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அப்புறம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மனுஷர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் துணி அலசிய தண்ணீரை வாடிப்போன கத்தரிச் செடிமேல் வாளியிலிருந்தே வீசியவள் நான். வேலியோரம் செடி வைக்காதே என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்டால்தானே.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. ஆனால் ஊருக்கு விடும் ஏரித் தண்ணீரைக் குறைப்பதா என்று அன்று பத்து மணிக்கு அதிகாரிகள் இந்த மழைக் கணக்கை வைத்துத்தான் கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். மழை தொடங்கிவிட்டது என்று நம்பித் தாராளமாகத் திறந்துவிட்டால், இருக்கிற ஏரியும் வற்றிவிடும். பழி இவர் தலையில் விழும். மணி ஒன்பதரை.

"அது மழை இல்லைங்க. நான் ஊத்தின துணித் தண்ணி," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. போனை எடுத்தார்.

"சார், காலைல சொன்னது தப்பு. பூஜ்யம்னு போட்டுக்குங்க. மானிக்குள்ள வேற தண்ணி விழுந்திருக்கு. வேலியோரம் ஈரத்தப் பார்த்து ஏமாந்துட்டேன். என் தப்பு."

என்னை இழுக்கவே இல்லை. அந்தப் பக்கம் அதிகாரி சிரிப்பது எனக்கே கேட்டது.

"சுத்துவட்டாரம் பூரா பூஜ்யம். உங்க ஒரு வீட்டுல மட்டும் எப்படிப் பெஞ்சுதுன்னு நாங்களே கூப்பிட இருந்தோம். நல்லவேளை, மீட்டிங்குக்கு முன்னாடி சொன்னீங்க."

என் வயிற்றில் பால் வார்த்தார் அந்தப் புண்ணியவான். ஆனாலும் இவர் உடைந்துபோயிருப்பாரே என்று பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிருங்க. சாமி குடுத்ததுன்னு நம்பிட்டீங்க."

"நிஜத்தச் சொல்லட்டுமா? இப்பத்தான் நிம்மதியா இருக்கு," என்றார். "தண்ணியப் பார்த்ததும் சந்தோஷம்தான். போனை வச்சப்புறம் ஒரு பயம் புடிச்சுக்கிச்சு. நான் கேட்டதாலதான் குடுத்தாருன்னா, குடுக்காத நூத்தம்பது நாளும் நான் என்ன தப்புப் பண்ணினேன்? அதையேதான் யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"அப்ப நாளைக்கும் கேப்பீங்களா?"

"கேக்காம இருப்பேனா? தாகம் எனக்கு மட்டுமா?"

மறுநாள் எட்டரைக்கு அவரோடு நானும் போய் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். பூஜ்யம்தான். அவர் அதை எழுதும்போது என் மனசு லேசாக இருந்தது.